முதல் பறிப்பின் எடை

ஜெபசெல்விக்கு உட்கார்ந்து சாப்பிட வராது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். துறைமுகத்து நிலக்கரித் தூசு படிந்த ஜன்னலைத் துடைக்க ஆரம்பிப்பாள், பாதியில் விட்டுவிட்டு நோட்டைப் புரட்டுவாள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். பதினான்கு வருஷமாகத் தற்காலிக வேலை. ஜூன் பிறந்தால் இந்தத் தடவை கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப் பிழைக்கிறவளுக்குக் கால் எப்படித் தரையில் நிற்கும்?

அவள் படிப்பெல்லாம் ஒரு பூஞ்சைக்குள். ஊறுகாயைக் கெடுக்கிற பூஞ்சை இல்லை, இது வேரோடு வாழ்கிற நல்ல சாதி. முடியைவிட மெல்லிய இழையாக வேருக்குள் புகுந்து, வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் போய்ச் சத்தும் ஈரமும் கொண்டுவந்து கொடுக்கும். செடி பதிலுக்கு இனிப்பு கொடுக்கும். ஒரு குடம் ஊற்றினால் மறுநிமிஷம் தண்ணீர் போன இடம் தெரியாத சாத்தான்குளத்துச் செம்மணலில், இது முருங்கையைக் கூடுதலாகக் காய்க்க வைக்குமா? அதுதான் அவள் கேள்வி. சித்தப்பா தேவபிரசாதத்தின் தோட்டத்தில் நாற்பது கன்று நட்டாள். இருபது குழியில் பூஞ்சை கலந்த மண், இருபதில் வெறும் மண். எதில் எது என்பது அவள் நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் பிடித்த மரத்துக்கு ஒரு வாளி கூட ஊற்றிவிடுவார் என்று, மரத்தில் எண் எழுதிய அட்டையை மட்டும் கட்டினாள்.

நிரந்தர வேலைக்கு நேர்காணல் பத்து நாளில். அதற்குள் அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று ஆய்விதழிலிருந்து ஒரு கடிதம் வரவேண்டும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மரத்துக்கு மரம் முதல் பறிப்பின் எடை. திங்கட்கிழமை போய்ப் பறித்து நிறுப்பதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

“காய் எப்படி இருக்கு சித்தப்பா?”

“காயா? இன்னைக்கு ஸ்தோத்திரப் பண்டிகைல்லா! முதற்பலனக் கோயிலுக்குக் குடுத்தாச்சு. ஏலம் நடக்கு, பொறவு பேசுதேன்.”

பஸ் தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டை தாண்டுவதற்குள் மூன்று தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். “எறங்கணுமாக்கா?” என்று கேட்டுக் கேட்டுக் கண்டக்டர் ஓய்ந்துபோனார்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது, சர்ச்சில் காணிக்கையாக வந்த விளைச்சலின் ஏலம் முடிந்திருந்தது. முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை மளிகைக்கடை காசிலிங்கம் அண்ணாச்சி எடுத்திருந்தார். அது அவிழ்க்காமல்தான் கிடந்தது. ஆனால் எந்த மரத்துக் காய் என்று அதில் எழுதியா இருக்கிறது? மற்ற கட்டுகளை எடுத்தவர்கள் பண்டிகை விருந்துக்கே கொடுத்துவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் சமையல்காரர் கிருபாகரன் அண்டாவுக்குள் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, முருங்கக்காய்?”

“கொழம்புல நீந்துது டீச்சர். வேணும்னா நம்பரச் சொல்லிக் கூப்புட்டுப் பாருங்க, வருதான்னு.”

அவள் தோட்டத்தைப் பார்த்து நடந்தாள். பண்டிகை வேட்டி மண்ணில் புரள, சித்தப்பா பின்னாலேயே வந்தார்.

“ஏளா செல்வி, மூஞ்ச ஏன் இப்படி வச்சிருக்க? ஆண்டவருக்குக் குடுத்ததுக்கா?”

“எட போடணும்னு எத்தன தடவ சொன்னேன் சித்தப்பா!”

“எடதான? நான் சொல்லுதேன், எழுதிக்கோ. ஒவ்வொரு மரத்துக் காயும் இந்தக் கையில தூக்குனதுதான். நாப்பது வருசம் முருங்க தூக்குன கை. ரெண்டாம் நம்பரு…”

அவர் கை தப்பாது. வியாபாரிகளே தராசை ஒதுக்கிவிட்டு அவர் சொன்ன எடைக்குக் காய் எடுத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பேனாவைத் திறந்தாள். பத்தே நாள். பதினான்கு வருஷம். அவர் நான்கு மரத்துக்குச் சொல்லி முடித்தும் பேனா முனை தாளைத் தொடவில்லை.

“எழுதலியா?”

“எழுத முடியாது.”

“ஏன், என் கை பொய் சொல்லுமா?”

“சொல்லாது. ஆனா ஒங்க கைய வெட்டிக் கட்டுரையில ஒட்ட முடியாதுல்லா.” பேனாவை மூடினாள். “நாப்பது மரத்துலயுமா பறிச்சிய?”

“ஆண்டவருக்கு நோஞ்சானையா குடுப்பாவ? பாத்துப் பாத்து, நல்ல மரமா பதினஞ்சு.”

அவள் சட்டென்று நின்றாள். பிறகு ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினாள். காம்பு வெட்டின தடம் எங்கெல்லாம் பச்சையாக இருந்ததோ அந்த எண்ணை உள்ளங்கையில் குறித்தாள். சித்தப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். பதினைந்தில் பதின்மூன்று பூஞ்சை போட்டவை.

ஒன்றும் தெரியாத மனிதர், கண்ணை மட்டும் நம்பி எடுத்தது! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இதையும் எழுத முடியாது. ஆய்விதழ் கேட்ட அட்டவணையில் இதற்குக் கட்டம் கிடையாது.

“என்னளா, தானாச் சிரிக்க? நான் எடுத்தது நல்ல மரந்தான?”

சொல்லிவிட நாக்குத் துடித்தது. சொன்னால் தீர்ந்தது. அடுத்த பறிப்புவரை அந்த மரங்களையே சுற்றிச் சுற்றி வருவார், மற்றதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அந்தக் கணக்கும் கெட்டுப்போகும்.

“எல்லாம் ஒரே மரந்தான் சித்தப்பா.”

“ஒரே மரமாம்! டாக்டர் பட்டம் வாங்கி என்னத்தக் கண்ட, போ.”

மிச்சம் இருபத்தைந்து மரத்துக் காயைப் பறித்து நிறுத்து எழுதி, பதினைந்து கட்டத்தில் கோடு போட்டு அனுப்பினாள். அடுத்த பறிப்பையும் முழுதாக நிறுத்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. நேர்காணலுக்குக் கடிதம் இல்லாமல் போனாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஜூனில் மறுபடியும் தற்காலிகமாகக் கூப்பிட்டார்கள்.

அடுத்த பறிப்புக்குச் சொன்ன நாளைக்கு முன்னாலேயே தராசும் கையுமாகப் போய் இறங்கினாள். சித்தப்பா ஒவ்வொரு கட்டையும் கையில் வாங்கி எடை சொன்னார். தராசு முள்ளும் அங்கேயே போய் நின்றது. ஒரு கட்டைத் தூக்கியவர் கீழே வைக்காமல் அவளையே பார்த்தார்.

“இதுல நீ என்னமோ போட்டிருக்க.”

ஜெபசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு எடையை எழுதினாள். அடுத்த மரத்துக்கு நடந்தாள் என்று சொல்ல முடியாது, ஓடினாள்.