லாம்டாவிடம் கொடுத்த பிளாக்

அறிவுச்செல்வி கணக்கில் பட்டம் வாங்கியவள். தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறைக்கு வேலைக்கு வருகிறாள். ரூபி என்ற கணினி மொழியை வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றாள், முக்கால்வாசி வீடியோ பார்த்து. வேடசந்தூர்ப் பக்கத்து மில் பஸ் எந்தெந்த இடத்தில் நிற்கும் என்று அங்கே வேலை செய்யும் பெண்களின் போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. அவள் அம்மா சிவனம்மாளும் அந்த பஸ்ஸில்தான் ஷிப்டுக்குப் போகிறாள்.

அன்று தாடிக்கொம்பில் பஸ் வழக்கமாக நிற்கும் கோயில் முன்னால் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டார்கள். பஸ் பெட்ரோல் பங்கில் நிற்கும் என்றது மில். செய்தி அனுப்பும் கட்டளைத் தொகுப்பான மெத்தடுக்கு, என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பிளாக், சின்னக் கட்டளைத் துண்டு, ஏற்கெனவே கொடுத்திருந்தாள்: ‘வழக்கமான இடத்தில் நிற்கவும்.’ மெத்தடுக்குள்ளே பெயரில்லாத ஒரு ஃபங்ஷன், லாம்டா. ஊர் ஊராக அனுப்புவது அதன் வேலை. அதற்குள், கொடுத்த பிளாக்கைக் கூப்பிடும் ‘யீல்ட்’ என்ற சொல்லை எழுதியிருந்தாள். தாடிக்கொம்புக்கு மட்டும் லாம்டாவைக் கூப்பிடும்போதே வேறொரு பிளாக்கைச் சேர்த்துக் கொடுத்தாள்: ‘பங்கில் நிற்கவும்.’ ஓட்டினாள். பிழை என்று காட்டும் சிவப்பு வரி எதுவும் வரவில்லை. டீ குடிக்கப் போனாள்.

அம்மாவின் போன் வந்தது.

“ஏத்தா, கோயில்கிட்டயே நிக்கச் சொல்லி மெசேஜ் வந்துருக்கு. இங்க பள்ளமால்ல கெடக்கு?”

“பங்குக்குப் போம்மா. எல்லாரையும் கூட்டிட்டுப் போ.”

“நாஞ்சொன்னா எவ கேக்குறா? மெசேஜத்தான் நம்புவோம்ங்கிறாளுக.”

பஸ் கிளம்பியிருந்தது. விட்டால் அத்தனை பேருக்கும் ஷிப்ட் போய்விடும். அறிவுச்செல்வி புதிய பிளாக்கைக் கொடுத்த வரியையே பார்த்தாள். கொடுத்திருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது. அழித்து மறுபடி எழுதினாள். தன் போனுக்கே அனுப்பிப் பார்த்தாள். வழக்கமான இடம்.

பக்கத்து மேசை பிராங்கிளின் எட்டிப் பார்த்தான். “என்ன அறிவு, மந்திரிச்சு விட்ட மாதிரி ஒக்காந்திருக்க?”

“நான் குடுக்குறத வாங்கிக்கிட்டு வேறதச் சொல்லுது.”

“யீல்ட் போட்டா லாம்டாவுக்கு நீ குடுக்குற பிளாக்கக் கூப்பிடாது. லாம்டா எந்த மெத்தடுக்குள்ள இருக்கோ, அதோட பிளாக்கத்தான் கூப்பிடும்.”

“அப்ப தப்புன்னு சொல்லணும்ல?”

“தப்பு இல்லயே. நீ குடுத்தத அது கண்டுக்காம விட்டுடும், அவ்வளவுதான்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொன்னபடி யீல்டை எடுத்தாள். லாம்டாவின் அடைப்புக்குறிக்குள் ஆம்பர்சாண்ட் (&) குறி போட்டு, வருகிற பிளாக்குக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். தாடிக்கொம்புக்குச் செய்தி போனது. அடுத்த ஊரில் புரோகிராம் சிவப்பு வரி காட்டி நின்றுபோனது. அங்கே அவள் பிளாக் எதுவும் கொடுத்திருக்கவில்லை. கிடக்கட்டும் என்று விட்டாள். அந்த ஊர்களுக்குச் சரியான செய்தி முன்பே போயிருந்தது.

அம்மா மறுபடி போனில் வந்தாள். “ஏ பிள்ள, இப்ப பங்குன்னு வருது. ரெண்டுல எது நெசம்?”

“ரெண்டாவதும்மா. ஓடுங்க.”

செருப்புச் சத்தம் கேட்டது. “ஏ மாயக்கா, வாடி!” பிறகு ஹாரன், மூச்சிரைப்பு.

“ஏறிட்டோம். ஏண்டி, மொதல்ல கோயில்னு எதுக்கு அனுப்புன?”

“நான் அனுப்பலம்மா.”

“பின்ன ஆரு அனுப்புனா?”

அறிவுச்செல்வி திரையைப் பார்த்தாள். எந்த வரியைச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.