கனேலோ தின்ற மருந்து

என் தம்பி எலிஹியோவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாசம் இல்லை, குமட்டல். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் லாஸ் குவாமாஸில் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். கைராசிக்காரன், சிரித்த முகம், ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காதவன் என்பார்கள். அவர்களில் யாரும் அவனோடு ஒரே கூரையின் கீழ் குடியிருந்ததில்லை. அவன் சட்டையைத் துவைத்ததும் இல்லை.

அவன் தொழில் சண்டைச் சேவலுக்கு முள் கட்டுவது. காலில் பிறவியிலேயே வளர்ந்த முள்ளை அறுத்துவிட்டு, மிஞ்சிய கட்டையின் மேல் செய்முள்ளைப் பொருத்தி, உருக்கிய அரக்கை ஊற்றி, மெல்லிய நாடாவைச் சுற்றி இறுக்க வேண்டும். கொஞ்சம் கோணிப்போனால் சேவல் தன் நெஞ்சிலேயே குத்திக்கொள்ளும். அரக்கு ஆறுவதற்குள் எலிஹியோ தன் வலது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நேர் பார்ப்பான். அந்த விரல் சொன்னால் முள் நேராக நிற்கும். அதை நம்பித்தான் மோக்கா நகரத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்கள். எங்கள் அடுப்பு எரிந்தது அந்த ஒற்றைக் கட்டைவிரலால்தான்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்குச் சேவல்தான் உலகம். பள்ளிக்கூடம் ஏறவில்லை, காப்பித் தோட்ட வேலை ஒத்துவரவில்லை, கல்யாணமும் நிலைக்கவில்லை. சண்டையில் சேவலுக்குக் கழுத்தில் அடிபட்டு மூச்சுத் திணறினால், இந்த மனிதன் அதன் தலையை அப்படியே தன் வாய்க்குள் விட்டு, இரத்தக் கட்டியை உறிஞ்சித் துப்புவான். சேவல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், ஆனால் அவர்கள் வாயையாவது கொப்பளிப்பார்கள். இவன் தாடையில் இரத்தம் காய்ந்திருக்க நேரே அடுப்பங்கரைக்கு வந்து காப்பி கேட்பான். அவன் மனைவி நூரிஸ் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு நாள் பெட்டியைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்த வாயோடவே என் பக்கத்துல வந்து படுக்குறாரு அக்கா. நானும் எத்தன தடவதான் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்குறது?" என்றாள். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

அவள் போனபிறகு அவள் துணி வைத்திருந்த அலமாரியில் தீவனமும் தகரடப்பாவும் குடியேறின. அந்தத் தகரடப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருவன் மருத்துவ நிலையத்திலிருந்து வீடு திரும்பினால் போதும், ஏதாவது ஒரு சேவல்காரன் அவன் வேலிப் பக்கம் வந்து நிற்பான். "உடம்பு எப்படி?" என்று கேட்பது ஒப்புக்கு. அடுத்து, "மாத்திர மிச்சம் இருக்கா?" என்பான். காய்ச்சல் விட்டதும், தொண்டைவலி குறைந்ததும், மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சேவலுக்குக் கொடுப்பது இங்கே பெரிய மனதுக்கு அடையாளம். இரண்டு நிறக் குப்பி மாத்திரையைத் திருகித் திறந்து பாதித் தூளைச் சேவலின் புண்ணில் கொட்டுவார்கள். மீதியைச் சோளமாவு உருண்டைக்குள் வைத்து அலகைப் பிளந்து திணிப்பார்கள். எந்த மாத்திரை எதற்கு, யாருக்கு எழுதியது, எப்போது கெட்டுப்போனது, ஒன்றும் தெரியாது. நிறம் பார்த்து எடுப்பார்கள். எலிஹியோவின் தகரடப்பாவில் இப்படி வாங்கிய மாத்திரைகளாக ஊர்ச் சீக்கு முழுக்க இருந்தது.

கனேலோ என்ற இலவங்கப்பட்டை நிறச் சேவல் வந்தபிறகு அவன் இன்னும் மோசமானான். அதற்கு அவித்த முட்டை, எனக்கும் அவனுக்கும் வெறும் மரவள்ளிக்கிழங்கு. அந்தோனியார் திருவிழாச் சண்டையில் அதை இறக்கப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்தான். பயிற்சிக்கு இன்னொரு சேவலோடு மோதவிட்டபோது கனேலோவுக்குக் கழுத்தில் கிழிந்தது. விலக்கப் போன எலிஹியோவின் வலது கட்டைவிரலின் அடியில் கனேலோவின் முள் ஆழமாக இறங்கியது. சேவல் எச்சத்தில் மிதித்துவிட்டு வந்த முள் அது. இவன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு சேவலின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான்.

மறுநாளே விரல் சிவந்து வீங்கி, உள்ளங்கை வரைக்கும் சூடு ஏறியது. பலவந்தமாக மருத்துவ நிலையத்துக்கு இழுத்துப் போனேன். அங்கே டாக்டர் யாதிரா, படிப்பு முடித்துக் கிராம வேலைக்கு வந்திருந்த பெண். புண்ணைக் கழுவி, தடுப்பூசி போட்டு, முன்பு எந்த மருந்தாவது உடம்பில் தடிப்போ மூச்சிரைப்போ கொண்டுவந்ததா என்று விசாரித்தாள். இல்லை என்று தெரிந்தபிறகுதான் மாத்திரை எழுதினாள்.

"இது உங்களுக்கு மட்டும், இந்தப் புண்ணுக்கு மட்டும். சொன்ன நேரத்துக்கு, டப்பா தீர்ற வரைக்கும் சாப்பிடணும். வலி போயிடுச்சுன்னு நிறுத்தாதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க, அடுத்த தடவைக்குன்னு எடுத்தும் வைக்காதீங்க. சிவப்பு மேல ஏறினாலோ விரல மடக்க முடியலன்னாலோ உடனே இங்க வந்துடணும்."

"உத்தரவு டாக்டரம்மா," என்று தொப்பியைக் கழற்றித் தலையாட்டினான். பவ்யம் என்றால் அப்படி ஒரு பவ்யம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் மாத்திரையை அவன் விழுங்கினான். அடுத்ததைத் திருகித் திறந்து கனேலோவின் கழுத்தில் கொட்டினான்.

"டேய், அது உனக்கு எழுதினது," என்றேன்.

"எனக்கும் அதுக்கும் ஒரே நாள் காயம், ஒரே சண்டையில பட்டது. ஒரே மருந்து போதும் அக்கா."

"டாக்டரம்மா சேவலுக்கா எழுதினாங்க?"

"டாக்டரம்மா புதுசு. சேவலப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தான். நான் மருந்து டப்பாவைப் பிடுங்கி என் தலையணைக்கு அடியில் வைத்தேன். நான் துணி துவைக்க ஆற்றுக்குப் போன சமயம் பார்த்து எடுத்துக்கொண்டான். இவனை அடைகாக்கவா முடியும்?

சில நாளில் வீக்கம் வடிந்தது. விரலை ஆட்டிக் காட்டினான். "பாத்தியா, ஆறிப்போச்சு. இனிமே இது எனக்கு எதுக்கு?" என்று சொல்லி, மிச்சத்தை எல்லாம் கனேலோவுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தான். அதன் தொண்டை நகர்ந்து விழுங்குவதைப் பார்த்து அவன் முகத்தில் ஒரு பூரிப்பு. பெற்ற பிள்ளைக்குப் பால் ஊட்டுகிறவளுக்குக்கூட அவ்வளவு பூரிப்பு வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் அந்த நாற்றம் தொடங்கியது. கட்டிலுக்கு அடியில் எலி செத்துக்கிடக்கிறது என்று நினைத்துத் துடைப்பத்தோடு தேடினேன். தீவன மூட்டையை நகர்த்திப் பார்த்தேன். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவன் எதிரே உட்கார்ந்தபோது நாற்றம் மேசைக்கு வந்துவிட்டது. வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இடது கையால் வாழைக்காய் மசியலைக் குத்திக்கொண்டிருந்தான். திருவிழா நெருங்குகிறது, முள் கட்டச் சொல்லி ஆள் வருகிறார்கள், கை கெட்டது தெரிந்தால் பேர் போய்விடும் என்று மறைத்திருக்கிறான். கையைப் பிடித்து மேசைமேல் இழுத்தேன். சேவலுக்குச் சுற்றும் அதே நாடாவைத் தன் விரலுக்கும் சுற்றியிருந்தான்.

நாடாவைப் பிரித்தபோது விரலின் தோலும் கூடவே வந்தது. அடியில் பச்சையும் மஞ்சளுமாகச் சீழ், அதில் குழைந்து கட்டியாகிப்போன மருந்துத் தூள். அலமாரித் தகரடப்பாவிலிருந்து எவனோ சாப்பிடாமல் விட்ட எந்த மாத்திரையையோ திறந்து, சேவலுக்குச் செய்வதுபோலவே தன் புண்ணிலும் கொட்டியிருக்கிறான். என் தட்டை எடுத்து நாய்க்குக் கொட்டினேன். அன்றைக்கு எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. விரலை மடக்கச் சொன்னேன், மடங்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே சிவப்பு ஒரு கோடாக ஏறியிருந்தது.

மோட்டார்சைக்கிள் டாக்சியில் அவனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். கையைப் பார்த்ததும் டாக்டர் யாதிராவின் முகம் மாறியது.

"குடுத்த மாத்திரை முழுசும் சாப்பிட்டீங்களா?"

"முழுசும் டாக்டரம்மா. ஒண்ணுகூட விடல," என்றான். கண் இமைக்கவில்லை.

"அப்போ அந்த மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படல போலிருக்கு. இதவிடக் கடுமையானதுக்குத்தான் போகணும்," என்று அவள் பேனாவை எடுத்தாள்.

கை அழுகிக்கொண்டிருக்கும்போதும் இவனுக்குப் பொய் வருகிறதே! "பொய் டாக்டரம்மா," என்றேன். "வலி நின்னதும் இவன் நிறுத்திட்டான். மிச்சத்தச் சேவல் தின்னுச்சு."

"சேவலா?"

"கனேலோ. நல்லா ஆரோக்கியமா இருக்கு, கவலப்படாதீங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எலிஹியோ என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்றத வச்சுத்தான் நான் அடுத்த மருந்த முடிவு பண்றேன். மருந்து வேலை செய்யலையா, இல்ல மருந்து உள்ளயே போகலையா, ரெண்டும் ஒண்ணு இல்ல. அரைகுறையா சாப்பிட்டதுல வலி அடங்குச்சு, கிருமி அடங்கல. இப்ப விரல மடக்குற தசைநாணோட உறைக்குள்ள சீழ் கட்டியிருக்கு. இது மாத்திரையில தீராது, கத்தி வைக்கணும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. அங்கயும் இதையே சொல்லுங்க. சேவல் கதையையும் சேர்த்துத்தான்."

நகரத்து ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை வடித்தார்கள். ஊசியிலேயே மருந்து ஏற்றினார்கள். நர்ஸ் பக்கத்தில் நின்று போட்டதால் அதில் பாதியைச் சேவலுக்குக் கொண்டுபோக வழியில்லை. உள்ளங்கை பிழைத்தது, கட்டைவிரல் கறுத்துவிட்டது. அடியோடு எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் கட்டுப் போட்ட கையை அவன் வெகுநேரம் பார்த்தான். அழுவான் என்று நினைத்தேன். அவன் என்னிடம் முதலில் கேட்டது, "கனேலோவுக்கு யாரு தீனி போடுறாங்க?" என்பது. எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றேன். கூடப் பிறந்தவனாயிற்றே என்று, வாயில் ஊறிய எச்சிலைத் துப்பாமல் விழுங்கினேன்.

திருவிழா அன்று கனேலோவுக்கு முள் கட்டியவன் பக்கத்து வீட்டு நிக்கோமெதெஸ். தன் வாழ்நாளில் முதன்முதலாக எலிஹியோ ஓரமாக உட்கார்ந்து, "கொஞ்சம் உள்ள தள்ளு, இன்னும் கொஞ்சம்," என்று வாயால் முள் கட்டினான். கட்டைவிரல் இருந்த இடத்தில் கட்டுத்துணி அசைந்துகொண்டே இருந்தது. நான் களத்துக்கெல்லாம் போகிறவள் இல்லை. அன்று போனேன். ஒரு மனிதனின் விரலைத் தின்ற சேவல் எப்படிச் சண்டை போடுகிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

சண்டை போடவில்லை. எதிரி ஒரு தடவை பறந்து உதைத்ததும் கனேலோ கழுத்து இறகைச் சிலிர்த்து, முதுகைக் காட்டி, களத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது, பெட்டைக்கோழி மாதிரி கொக்கரித்துக்கொண்டு. செத்துப்போன சேவலுக்கு எங்கள் ஊரில் மரியாதை உண்டு. ஓடிய சேவலுக்கு இல்லை, அதற்கு அன்று சாயங்காலமே குழம்புச்சட்டிதான். ஆண்கள் சீட்டி அடித்தார்கள். "எலிஹியோ, அதுக்கு என்னத்தடா ஊட்டி வளத்த?" என்று ஒருவன் கத்தினான். இவன் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுத்தைத் திருகப் பார்த்தான். வலது கையில் பிடி நிற்கவில்லை. கனேலோ நழுவி முற்றத்தில் இன்னொரு தடவை ஓடியது. "அக்கா," என்றான். நான் பிடித்தேன், நானே திருகினேன்.

வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கும்போது பழைய காயத்தைத் தேடினேன். கழுத்தில் ஒரு தழும்பு இல்லை, ஒரு வடு இல்லை. பிறந்த தோல்போல அவ்வளவு சுத்தமாக ஆறியிருந்தது. பூண்டும் ஓரிகானோ இலையும் போட்டு, மரவள்ளிக்கிழங்கை வெட்டிப்போட்டு வேகவைத்தேன்.

தட்டை அவன் முன்னால் வைத்தேன், நான் எடுத்துக்கொள்ளவில்லை. இடது கையில் கரண்டியை எடுத்தான். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான், மென்றுகொண்டே இருந்தான். தட்டை மெல்லத் தள்ளினான்.

"எனக்கு இறங்கல அக்கா."

தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினேன்.

"மிச்சம் வைக்காம சாப்பிடு. டாக்டரம்மா உனக்குக் குடுத்த மருந்து அதுலதான் இருக்கு."