கதாநாயகனுக்குப் பின்னால் நின்றவர்

எனக்குப் படங்களைப் பற்றிப் பெரிய அறிவு கிடையாது. கோபம் மட்டும் நிறைய இருக்கிறது. பழைய படங்களில் காணாமல் போன புருஷன் கடைசிக் கட்டத்தில் வந்துவிடுவான். தாடி வளர்ந்திருக்கும், பெண்சாதி அழுதுகொண்டு ஓடுவாள், வணக்கம் என்று போட்டுப் படத்தை முடித்துவிடுவார்கள். புதிய படங்களில் கதாநாயகன் ஐம்பது பேரை அடித்து விழுத்துகிறான். அந்த ஐம்பது பேருக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள் என்று படம் எடுத்தவனுக்கு நினைவே வருவதில்லை. இரண்டும் பொய். பழைய பொய்தான் கூடுதலாகக் கெடுதல் செய்தது. என் அக்கா அதை நம்பினாள்.

அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், சண்டை ஊருக்குக் கிட்ட வந்தபோது படகேறியவர். முதலில் தான் இராமேஸ்வரம் போய் இடம் பார்த்துவிட்டு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஆளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. சண்டை முடிந்து மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிய சனங்களை அக்கா ஒருவர் விடாமல் விசாரித்தாள். அவரைக் கண்டவர் எவருமில்லை.

மீள்குடியேறிய புதிதில், வங்காலைக்கு அப்பால் எங்கள் கரையில் தகரக் கொட்டில்களில் இருந்தோம். மின்சாரம் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்தால், பொதுமண்டப ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, ஜெனரேட்டர் போட்டுப் படம் காட்டுவார்கள். அப்படி ஒரு நாள் புதிய படம் ஒன்று. இராமேஸ்வரம் பக்கம் எடுத்ததாம், கதாநாயகன் மீன்பிடிக்கிறவனாம். கடற்கரையில் நின்று வசனம் பேசுகிறான், காலில் ஒரு பொட்டு மணல் ஒட்டவில்லை. நான் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்க, அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் கரைவலை இழுத்தார்கள். முகம் மறுபக்கம் திரும்பியிருந்த ஒருவர் மட்டும் கயிற்றை இடது பக்கம் போட்டு இழுத்தார். அத்தான் இடதுகைக்காரர்.

"அது அவர்தானடி," என்றாள்.

அடுத்த நாளே கரை முழுக்க அதே கதை. மீன் வெட்டுகிற இடத்தில் பெண்கள் அக்காவைப் பகிடி பண்ணினார்கள். படத்தில் நடித்தவர் இனி எங்களோடு கதைப்பாரோ என்று ஒருத்தி கேட்டாள். அக்காவும் சிரித்தாள். பெட்டியிலிருந்து அவருடைய சேட்டுகளை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா விட்டிருக்கலாம். நான் விடுகிற ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு, சனம் வருவதற்கு முன் அக்காவைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். படம் போடுகிறவரிடம் அதே படத்தைப் போட்டு, வலை இழுக்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"நிப்பாட்டினால் படம் ஆடும் பிள்ளை," என்றார்.

ஆடட்டும் என்றேன். மெதுமெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் அந்த மனிதர் முகத்தைத் திருப்பினார். நிறுத்தினோம். இருபது வயதுக்கு மேல் இருக்காது. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"ஆரோ ஒரு ஆள். அத்தான் இல்லை," என்றேன்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்றும் நினைத்தேன். அவள் எழுந்து கிட்டப் போய் நின்று கனநேரம் பார்த்தாள்.

"ஓம். அவர் இல்லை." பிறகு படம் போடுகிறவர் பக்கம் திரும்பினாள். "அண்ணை, அந்தக் கரையில எடுத்த வேற படம் இருந்தாக் கொண்டு வாங்கோ."

அவர் கொண்டுவந்தார். மன்னார் பஸாரில் படத்தட்டு விற்கிற கடையில் நானும் தேடினேன். ஆர் நடித்த படம் என்று கேட்காமல் கடல் வருமோ என்று கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்று கடைக்காரர் சொன்னார்.

இப்போது கல்வீடு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. சேட்டுகள் மடித்தபடி அலுமாரியில் இருக்கின்றன. கதை நல்லதோ கெட்டதோ எங்களுக்குக் கவலையில்லை. கடற்கரை வந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். கதாநாயகன் நடுவில் வந்து நின்று வசனம் பேசத் தொடங்குவான். கொஞ்சம் விலகி நில்லடா என்று அக்கா அவனை ஏசுவாள்.