கருவாட்டுத் தராசில் என் மகன்

என் மூத்த மகன் பிறந்த புதிதில் அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. குடிப்பது. ஒரு பக்கம் அரை மணி, மறுபக்கம் அரை மணி, நடுவில் ஒரு குட்டித் தூக்கம், திரும்பவும் முதல் பக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர் காலையில் போகும்போது கட்டிலில் எப்படி உட்கார்ந்திருந்தேனோ, சாயங்காலம் வரும்போதும் அப்படியே இருப்பேன். "நீ எந்திரிக்கவே இல்லியா?" என்பார். அவரைக் கடித்துக் குதறலாம் போல இருக்கும்.

இடுப்பு விட்டுப்போனது, மார்பு புண்ணாகி எரிந்தது. ஆனாலும் ஒரு லாபம் உண்டு. பிள்ளை மடியில் கிடக்கும்வரை யாரும் என்னை அடுப்படிக்குக் கூப்பிட முடியாது. துண்டுக்கு அடியில் வாரப் பத்திரிகையை மறைத்து வைத்துக்கொண்டு தொடர்கதை படித்தேன். நாத்தனார் எட்டிப் பார்த்தால், அவன் தூங்கியே போயிருந்தாலும், "இன்னும் குடிக்கான் மைனி" என்று கூசாமல் சொல்வேன்.

அந்தப் பொய்தான் எனக்கே வினையாக வந்தது.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. எங்களோடுதான் இருந்தார். கடற்கரைப் பெண்கள் கூடைகூடையாகக் கொண்டுவரும் கருவாட்டை எங்கள் முற்றத்திலேயே நிறுத்து வாங்கி விற்றுவந்தார். பால் ஊறும் என்று தினமும் பால்சுறாப் புட்டு செய்து என் வாயில் திணித்தவரும் அவர்தான். "நாள் முழுக்கக் குடிக்கான்னா ஒனக்குப் பால் பத்தலன்னுல்லா அர்த்தம்?" என்றார் ஒருநாள். மறுநாளே, கப்பலில் வேலை பார்த்த அவர் கணவர் கொண்டுவந்திருந்த பால்பவுடர் டப்பா, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. டப்பா மேலே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

"நாப்பதாம் நாளு பிள்ளைய கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்ன நிறுத்துப் பாப்போம். எடை ஏறலன்னா டப்பாவத் தொறந்துர வேண்டியதுதான்."

நாள் முழுக்க அலுத்துக்கொண்டவள்தான் நான். ஆனால் குடித்து முடித்து, கிறங்கிய கண்ணோடு என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பானே, அதை ஒரு டப்பாவுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

நாற்பதாம் நாள் காலை. முற்றத்தில் நாலைந்து பெண்கள் கூடையோடு காத்திருந்தார்கள். தராசுத் தட்டில் பழைய வேட்டியை மடித்து விரித்து மகனைக் கிடத்தினோம். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவன் மூன்று கிலோ. நாற்பது நாள் ராப்பகலாகக் குடித்தவன் இப்போதும் அதே மூன்று கிலோ.

எல்லாருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். நாத்தனார் டப்பாவை எடுக்கத் திரும்பினார்.

கூடைக்காரிகளில் ஒருத்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஏளா, நீ எதுக்கு அழுத? இந்த எடைக்கல்லு வச்சா எங்க நெத்திலியே கிலோவுக்கு இரநூறு கிராம் எளைச்சிரும். ஒம்பிள்ள மட்டும் எளைக்காதா?"

முற்றமே சிரித்தது. எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்த இடத்தைக் குறும்பு பிடித்துக்கொண்டது. மூக்கை உறிஞ்சியபடி, "மைனி, கல்லு சரின்னா டப்பாவத் தொறங்க. கல்லு சரியில்லன்னா..." என்று இழுத்தேன். எல்லாரும் நாத்தனாரையே பார்த்தார்கள்.

அவர் உள்ளே போய் ஒரு சாக்குப்பையைத் தூக்கிவந்தார். வியாபாரிகளுக்கு விற்கும்போது மட்டும் வெளியே வரும் எடைக்கற்கள் அதில் இருந்தன. அந்தக் கற்களில் என் மகன் நாலரைக் கிலோ நின்றான். ஒரே நிமிடத்தில் ஒன்றரைக் கிலோ ஏறிய பிள்ளை தூத்துக்குடியில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அவனுடைய சரியான எடை எனக்கு இன்றுவரை தெரியாது. கூடைக்காரிகள் விடுவார்களா? அன்றைய கருவாட்டை அந்தக் கல்லிலேயே நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அவர்கள் போனபிறகு நாத்தனார் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எம்மூத்தவளுக்கு இருவதாம் நாளே டப்பா தொறந்துட்டேன்," என்றார். "எம்மாமியா வீட்டுல பால் பத்தலன்னு சொன்னாவ. பிள்ளைய நிறுத்தும் காட்டுனாவ. எந்தக் கல்ல வச்சி நிறுத்தியன்னு நான் கேக்கவே இல்லளா."

மகன் சிணுங்கினான். எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். நாத்தனார் துண்டுக்கு அடியில் கைவிட்டுப் பத்திரிகையை உருவினார். நான் மடக்கி வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்று கோயிலுக்கு நேரம் கழித்துத்தான் போனோம்.