கேட்டால்தான் கிடைக்கும் பாஸ்வேர்டு

குற்றாலத்தில் நான் தங்கிய விடுதியின் மேலாளர், தோளில் ஈரத்துண்டோடு எந்நேரமும் தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். வைஃபை பாஸ்வேர்டை எங்கும் எழுதி ஒட்டமாட்டார். கேட்பவர்களுக்கு வாயால் சொல்வார்.

"எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான குடுக்கிய? அதுல என்ன பாதுகாப்பு? திறந்தே விட்டுரலாமே" என்றேன்.

"பேங்க் வேலையெல்லாம் இதுல பாக்காதியன்னு நானே சொல்லுதேன் அண்ணாச்சி. பூட்டு அதுக்கில்ல."

அப்போது ஒரு பெண் பதறி ஓடிவந்தாள். அருவிக் கூட்டத்தில் அப்பாவைக் காணவில்லை. சீசன் நெரிசலில் அவள் போனுக்கு டவரும் இல்லை. பாஸ்வேர்டு கேட்டாள். சொல்லிக்கொண்டே விசாரித்தார்.

"யாரைத் தேடுத தாயி? என்ன சட்டை?"

"நீலக் கட்டம்."

"கையில சோப்பு டப்பாவா? இப்பத்தான் மேலகரம் ரோட்டுல நடந்து போனாரு. ஓடு!"

சற்று நேரத்தில் அப்பாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"திறந்து விட்டிருந்தா, இந்தப் பிள்ளை தெருவுலயே நின்னு போனைத் தட்டிக்கிட்டிருக்கும்" என்றார் மேலாளர் என்னிடம்.

அடுத்த சீசனில் அங்கே போனபோது என் போன் தானாகவே இணைந்துகொண்டது. இருந்தாலும் இறங்கிப்போய் அவரிடம் பாஸ்வேர்டு கேட்டேன். சொல்லிவிட்டு, "யாரைத் தேடுதிய அண்ணாச்சி?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.