ஃபுங்கோவின் மூக்கில் புகை

காலையில் நான் சமையலறைக்குள் நுழைந்து, "எந்திரிச்சுட்டீங்களா கண்ணு?" என்று கேட்டால், என் ஆறு வயது மகள் மகிழினி முதலில் ஒரு காரியம் செய்வாள். மேசைமேல் உட்கார்ந்திருக்கும் பொம்மை டிராகனின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் "எந்திரிச்சுட்டேனுங்கப்பா" என்பாள். அதுவரை அதனிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவள், என் தலை தெரிந்ததும் நிறுத்திவிடுவாள். ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. ஸ்டுட்கார்ட்டின் குளிர் பழகிவிட்டது, கடையெல்லாம் அடைத்துக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் பழகிவிட்டது. என் வீட்டிலேயே எனக்குத் தெரியாமல் ஒரு ரகசியம் நடப்பது மட்டும் பழகவில்லை.

டிராகனின் பெயர் ஃபுங்கோ. இங்கே சக்கைப்போடு போடும் அனிமேஷன் பட வரிசையின் நாயகன். பச்சை உடம்பு, கோணல் கொம்பு. எதிரே இருப்பவர் பொய் சொன்னால் அதன் மூக்கில் புகை வரும். சிங்காநல்லூரில் இருக்கும் என் அக்கா வீடியோ அழைப்பில் அதைப் பார்த்துவிட்டு, "பேர்லயே 'ங்கோ' இருக்குதுங்களே அம்மணி, நம்மூர்க்காரரா இருப்பாருங்க" என்று மகிழினியிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் அதனோடு ஜெர்மனில் பேசினாள், என்னோடு தமிழில் பேசினாள். அந்தப் பஞ்சு மூட்டை என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறது என்று சந்தேகப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டும் இருக்கிறேன்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் 'ங்க' போடாமல் பேச்சே கிடையாது. மில்லிலிருந்து வந்ததும் அப்பா, "சாப்புட்டீங்களா சாமி?" என்றுதான் என்னைக் கேட்பார். "வாடா இங்க" என்று கூப்பிட்டால் அன்றைக்கு முதுகு பழுக்கப்போகிறது என்று அர்த்தம். என் மகளை ஒருநாளும் அப்படிக் கூப்பிடக்கூடாது என்று அவள் பிறந்தபோதே முடிவு செய்திருந்தேன்.

ஜெர்மனில் நெருங்கியவர்களுக்கு 'டு', அதாவது நீ; வெளியாட்களுக்கு 'ஸீ', அதாவது நீங்கள். மகிழினி கூடப் படிக்கும் பிள்ளைகளையும் 'ஸீ' போட்டு அழைக்கிறாள் என்று வகுப்பாசிரியை ஒருநாள் என்னை வரச் சொன்னார். "வீட்டில் அவள் யாருக்காவது பயப்படுகிறாளா?" என்று கேட்டார்.

"இல்லை, அது எங்கள் ஊர் மரியாதை. நானே அவளை 'ஸீ' போட்டுத்தான் கூப்பிடுவேன்" என்றேன் பெருமையாக.

அவர் புன்னகைத்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்ற யோசனையில் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து பிள்ளையை விசாரிக்க ஆள் வருகிறதோ என்று அழைப்பு மணி அடித்தாலே பதறினேன். யாரும் வரவில்லை. 'ஸீ' யாருக்கு, 'டு' யாருக்கு என்று மகிழினிக்கு மட்டும் அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார்.

இந்தக் கோடை விடுமுறைக்கு மனைவிக்கு விடுப்பு கிடைக்காததால், நானும் மகளும் மட்டும் அக்கா வீட்டுக்குப் போனோம். ஃபுங்கோ சோபாவுக்கு அடியில் கிடந்தது. "ஏன்டா, இங்கயும் வந்து ஒளிஞ்சுக்கிட்டியா? வாடா வெளிய" என்று விளையாட்டாக இழுத்தேன். மகிழினியின் முகம் சுருங்கிவிட்டது.

"அவனை மட்டும் வாடாங்கிறீங்க. என்னைய வாங்கங்கிறீங்க. நான் உங்களுக்கு வெளியாளுங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க கண்ணு."

"பாத்தீங்களா, மறுக்காவும் 'ங்க'! வெளியாளக் கண்ணுன்னா அது பொய்யுங்களே. நீங்க கண்ணுன்னு கூப்புடறப்ப ஃபுங்கோ மூக்குல புகை வந்துருச்சுன்னா? அதுக்குத்தானுங்க அவனைத் திருப்பித் திருப்பி வெக்கறேன்."

நான் அவளை வேவு பார்த்த நாளெல்லாம், என் பொய் வெளியே வந்துவிடாமல் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கையை நீட்டி, "வா" என்றேன். நாக்கு கூசியது. அவள் டிராகனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்து, அதன் மூக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடியில் ஏறினாள்.

என் 'வா' காதில் விழுந்ததும் அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "ஏந்தம்பி, புள்ளைய எதுக்குங்க வையறீங்க? பாவம், என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணுமில்லீங்க்கா" என்றேன். அவள் நம்பவில்லை. மகிழினியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள் மகள், என் காதோரம். முதல்முறையாக அதில் 'ங்க' இல்லை. அக்கா போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "வா" என்றேன்.