துரை வீட்டுத் தேநீர்

முட்டாள்களை வரிசையில் நிறுத்தினால் முதல் இடத்துக்கு நான் மனுப் போட வேண்டியதில்லை, தானாகவே கிடைத்துவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து மனைவியோடு இலங்கைத் தேயிலை மலையிலுள்ள ஹட்டனுக்கு வந்து, மாணவர்களிடையே ஊழியம் செய்துகொண்டிருந்த காலம். எங்கள் வேதபாடக் கூட்டத்துக்குத் தவறாமல் வருபவன் முத்தையா. பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் குடும்பம் ஒற்றைக் காம்பராவில் குடியிருந்த தொழிலாளர் லயத்திலும் கூட்டம் நடத்த அனுமதி கேட்டுத் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போனேன். பீங்கான் கோப்பையில் தேநீர் வந்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. "உங்கள் தொழிலாளியின் மகன் முத்தையா, பதினெட்டு வயதிலும் படிக்கிறான், ஐயா!" என்று இளித்தேன்.

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்று துரையும் சிரித்தார். நான் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை முத்தையாவின் அப்பாவிடம் சொன்னாராம்: "வளந்த பய வேலைக்கு வரணும். இல்லேன்னா காம்பராவக் காலி பண்ணு."

"பிஸ்கட் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் என் மனைவி.

பங்களாவுக்கு மறுபடி ஓடினேன். துரை குளிக்கிறார் என்றார்கள். வெகுநேரம் குளித்தார்.

திரும்பும் வழியில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையிலிருந்து இறங்கி வந்தான் முத்தையா. "உனக்காக ஜெபம் பண்றேன், தம்பி" என்றேன்.

"பண்ணுங்க சார், தொரைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."